செடிக்கு அரை டம்ளர்

என் வாய்க்கு யாராவது ஒரு வால்வு வைத்து மூடியிருந்தால் மாமா இன்றைக்கும் ஓரளவு நிம்மதியாக இருந்திருப்பார். ஓரளவுதான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு அதற்கு மேல் என்ன நிம்மதி வந்துவிடப் போகிறது? ஆனாலும் அவரிடம் ஒரு நினைப்பு மிச்சமிருந்தது: அவளுக்குச் செய்ய வேண்டியதை இம்மி பிசகாமல் செய்தேன் என்ற நினைப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்தார், சவரம் செய்துகொண்டார், வேலைக்குப் போனார். அதைத்தான் நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கையெல்லாம் மண்ணாக நின்றுகொண்டு, பிடுங்கிப் போட்டேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். குடிநீர் அலுவலகத்தில் வால்வு திறப்பவர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் போக வேண்டும் என்று ஓர் அட்டவணை உண்டு. அதன்படி சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், சாலையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, மார்பளவு உயரமுள்ள சாவியை உள்ளே விட்டுச் சுற்ற வேண்டும். ஒரு வால்வைத் திறக்க நாற்பது சுற்று, மூட நாற்பது சுற்று. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஒரு நாள் விளையாட்டுக்கு நானும் சுற்றிப் பார்த்தேன். நாலாவது சுற்றிலேயே தோள்பட்டை என்னுடையது இல்லை என்றாகிவிட்டது.

திறப்பது பெரிய காரியம் இல்லையாம். மூடுவதில்தான் விஷயம் இருக்கிறதாம். சட்டென்று மூடினால் ஓடி வந்த தண்ணீர் முட்டிக்கொண்டு, எங்கே குழாய் இளைத்திருக்கிறதோ அங்கே பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். அதனால் நேரம் முடிவதற்கு முன்பே, நிதானமாக, சுற்றுக்குச் சுற்று நிறுத்தி மூட வேண்டும். மாமா இதை ஏதோ வேதம் மாதிரி சொல்வார்.

"டைம் முடியறப்ப மூட ஆரம்பிக்கறவன் வால்வுக்காரன் இல்ல. டைம் முடியறப்ப மூடி முடிச்சிருக்கணும்."

ஆக, நாற்பது நிமிடம் என்று அட்டவணையில் இருந்தால் முப்பத்தெட்டாவது நிமிடத்திலேயே குழாய்கள் மெலிய ஆரம்பிக்கும். வாளியும் கையுமாக ஆட்கள் ஓடி வருவார்கள். ஒரே ஒரு குடம் சார், ரெண்டு நிமிஷம் சார் என்பார்கள். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கெஞ்சினாலும் அதே சுற்று, திட்டினாலும் அதே சுற்று. ஊரில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'ரெண்டு நிமிஷம் வந்துட்டாருடா' என்று முதுகுக்குப் பின்னால் கத்துவார்கள். அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார். அவர் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கோபத்தையெல்லாம் நானும் அக்காவும் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அக்கா தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கும்போது குழாய் மெலிந்துவிட்டது. தலை முழுக்க நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, "ஏங்க, தலையில நுரைங்க!" என்று கத்தியிருக்கிறாள். தெருமுனையில் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா அரை வாளி கொடுத்துத்தான் தலையை அலசினாள். இந்தக் கதையை அக்கா கூட்டம் கூடும் இடத்திலெல்லாம் சொல்வாள். மாமா கடிகாரத்தைப் பார்த்த மாதிரியே நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்போம். மாமாவும் ஓரமாக உட்கார்ந்து சிரிப்பார். அவருக்கு அது பெருமைதான்.

அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். வாய் ஓயாது, விரல் ஓயாது. தண்ணீர் குடிப்பதும் ஓயாது. சிறு வயதில் எங்கள் அம்மா அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவாள். விளையாடிவிட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் குடத்துக்குத்தான் போவாள். இரண்டு டம்ளர் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, மூன்றாவதை நிதானமாக, ருசித்துக் குடிப்பாள். வெறும் தண்ணீரை ருசித்துக் குடித்த ஆள் என் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான். குடித்து முடித்துவிட்டு "அப்பாடா" என்பாள் பாருங்கள், நமக்கும் குடிக்க வேண்டும் போல் இருக்கும்.

அவளுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் போயின. ஐம்பத்தோராவது வயதில்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உடம்பில் சேரும் தண்ணீரை இயந்திரம்தான் இழுக்க வேண்டும் என்பதால், குடிப்பதற்கு அளவு வைத்துவிட்டார் டாக்டர். அவர் சொன்னபோது அக்காவும் மாமாவும் மட்டும்தான் அறையில் இருந்தார்கள். நான் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்து, எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று மாமா சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். அளவு என்று வந்துவிட்டால் அவரிடம் போய் யார் என்ன கேட்பது?

அன்று சாயங்காலமே கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தார். குழாய்களில் அடையாளம் வைக்கும் சிவப்புப் பெயிண்டால் அதில் ஒரு கோடு போட்டார். காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன், காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கோடு வரை நிரப்பி வைப்பார். அக்காவுக்கு அன்றைய தண்ணீர், டீ, மாத்திரைக்கு ஒரு வாய், எல்லாம் அதற்குள்தான். அக்கா அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

"நீங்க ஊத்திக் குடுக்கறதைத் தவிர ஒரு சொட்டு வேற எதுலயும் தொட மாட்டேன். போதுமா?"

தொடவில்லை. அதுதான் அக்கா. சண்டை போடுவாள், சாபம் விடுவாள், சொன்ன சொல்லை மாற்ற மாட்டாள். பின்கட்டில் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு குவளை மொண்டு குடித்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கை வைக்கவில்லை.

ஆனால் கேட்டாள். முதல் மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போகும்போதெல்லாம் ஒரு தடவையாவது அந்தப் பேச்சு நடக்கும்.

"ஏங்க, நாக்கு மரக்கட்டை மாதிரி இருக்குங்க. ஒரே ஒரு வாய்."

"முடிஞ்சுபோச்சும்மா. காலைல."

"ஒரு வாய்க்கு உசுரா போயிடும்?"

"போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அதற்கு மேல் அவளால் பேச முடியாது. அவர் கறாராகச் சொல்லியிருந்தால் எதிர்த்திருப்பாள். பயந்துபோய்ச் சொன்னார். அதனால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாட்டில் தண்ணீரிலேயே உறைய வைத்த பனிக்கட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள், ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். தாகம் பழகுமா? இப்போது கேட்கிறேன். அப்போது எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு நல்ல பெயர். ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கும்போது டயாலிசிஸ் நர்ஸ் ஆச்சரியப்படுவாள். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் இங்க வர்ற எல்லாருக்கும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா. தராசுல வெச்ச மாதிரி வர்றீங்க" என்பாள். மாமா கூச்சத்தோடு சுவரைப் பார்ப்பார். அக்கா அவருடைய முழங்கையை லேசாக இடிப்பாள்.

இனி செடிக்கு வருகிறேன். நான் மொட்டைமாடியில் அடினியம் வளர்த்து விற்பவள். பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். ரோஜாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அடிப்பாகம் கிழங்கு மாதிரி பருத்திருக்கும். தண்ணீரையெல்லாம் அங்கே சேர்த்து வைத்துக்கொண்டு, வெயில் கொளுத்தும்போது மேலே கொத்துக்கொத்தாகப் பூத்துத் தள்ளும். மண் வறண்டு கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஈரம் தேங்கினால்தான் சாகும். என்னிடம் வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் முதல் செடியைத் தண்ணீர் ஊற்றியே கொன்றிருக்கிறார்கள். பாசம் வைத்துக் கொல்லாதீர்கள் என்று எல்லோரையும் திட்டித்தான் அனுப்புவேன்.

நோய் வந்த நாலாவது மாதம், அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டில் முடங்கியபோது, ஓரத்தில் கருஞ்சிவப்பும் நடுவில் வெளிர்சிவப்புமாகப் பூக்கும் ஒட்டுச் செடி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா வேலைக்குப் போயிருந்தார்.

"எனக்கு எதுக்குடி இது? குடம் தூக்கி ஊத்த எனக்குத் தெம்பு ஏது?"

"குடமெல்லாம் வேணாம்க்கா. பத்து நாளைக்கு ஒரு தடவை ஊத்துனா போதும். மறந்துட்டாலும் பரவாயில்ல. இது தண்ணியே கேக்காது, உன்னை மாதிரி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன் பருத்த அடியைத் தட்டிக் கொடுத்து, "அப்ப இது என் கட்சி" என்றாள். அன்றைக்கே அதற்குக் 'குண்டன்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

பின்கட்டில் சுவரோரமாக, வெயில் விழும் இடத்தில் குண்டன் இரண்டு வருடம் இருந்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான் போவேன். மண்ணைக் கிள்ளிப் பார்ப்பேன். பொடிப்பொடியாக உதிரும். டிரம்மிலிருந்து ஒரு குவளை மொண்டு ஊற்றுவேன். அக்காவை நான் திட்டாத விஷயம் அது ஒன்றுதான். "பரவாயில்லக்கா, ஊத்திக் கெடுக்காம வெச்சிருக்கே" என்பேன். "நான் எதுக்குடி கெடுக்கறேன்?" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். குண்டனுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது. நோய் வந்த பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"என்னக்கா, செடியோட பேச்சா?"

"ஆமாண்டி. இந்த வீட்ல என்னை எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் இவன்தான்."

நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். டம்ளரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எனக்குக் கண் எதற்கு இருக்கிறது என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போய்விட்டாள். மத்தியானம் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது, இந்த நோய்க்காரர்களுக்கு நடப்பதுதான், யார் மேலும் தப்பில்லை என்றார் டாக்டர். பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் போகிற வருகிறவர்களுக்கு நடுவே வெகுநேரம் நின்றிருந்தார். யாரோதான் வாங்கி வைத்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"அவளுக்கு நான் எதுலயும் குறை வெக்கலம்மா. அளவு தப்பல. நர்ஸம்மாவே சொன்னாங்க இல்ல?"

"ஆமா மாமா. யாரும் உங்களை மாதிரி பாத்திருக்க முடியாது."

"இந்தச் செடியையாவது காப்பாத்தணும். அவ செஞ்ச மாதிரியே செஞ்சுட்டு வர்றேன்."

அவள் எப்படிச் செய்தாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாள் பூரா வளவளவென்று பேசுகிறவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. பிறகு ஒன்றரை மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பின்கட்டில் அந்த முக்காலியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மொட்டைமாடியில் தொட்டிகளுக்கு மணல் கலந்துகொண்டிருந்தேன். படியில் தடுமாறி ஏறும் சத்தம் கேட்டது. மாமா. காக்கிச் சட்டையோடு, வேலையின் நடுவில் வந்திருந்தார். இரண்டு கையாலும் குண்டனை அணைத்துப் பிடித்திருந்தார். இலை ஒன்றுகூட இல்லை.

"என்னமோ ஆயிடுச்சும்மா. கொஞ்சம் பாரேன். இது மட்டும் போயிடக் கூடாது."

தொட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். கட்டைவிரலால் அடிக்கிழங்கை அழுத்தினேன். விரல் உள்ளே போனது. பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது, நாற்றம் அடித்தது. அக்காவின் செடி இப்படிக் குழகுழவென்று கையில் வந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"என்ன மாமா இது? எவ்ளோ தண்ணி ஊத்துனீங்க?"

"அளவாத்தாம்மா. தினமும் அரை டம்ளர்."

"தினமுமா? யாரு சொன்னா தினமும் ஊத்தச் சொல்லி? பத்து நாளைக்கு ஒரு தடவை ஊத்தற செடி மாமா இது! அதுவும் இந்தக் குளிர்ல ஊத்தவே கூடாது. தினம் அரை டம்ளர் ஊத்துனா இந்தத் தொட்டியில ஒரு மாசம் தாங்குமா? ஊருக்கே அளந்து விடற மனுஷன், ஒரு செடியைப் போய் மூழ்கடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழப்பமாக என்னையும் செடியையும் பார்த்தார்.

"உங்கக்கா தினமும் ஊத்துவாளேம்மா."

"அக்காவா?"

"ஆமா. ரெண்டு வருஷமா. காலைல பாட்டிலை நிரப்பறப்பவே, செடிக்குன்னு தனியா அரை டம்ளர் ஊத்தி மூடி வெச்சுட்டுப் போவேன். காய்ச்சுன தண்ணிதான். குழாய்த் தண்ணியில மருந்து வாடை, செடிக்கு ஆகாதுன்னா. ஊரே குடிக்கற தண்ணி உன் செடிக்கு ஆகாதான்னு நான்கூடச் சண்டை போட்டேன். ஒத்தைக் கால்ல நின்னா. சரி, நோயாளி, ஆசைப்படறா, போகட்டும்னு விட்டுட்டேன்."

கிள்ளிப் பார்த்தபோதெல்லாம் பொடியாக உதிர்ந்த மண், முக்காலி, டம்ளர், உதட்டைத் துடைத்த புறங்கை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மாமாவின் முகத்தில் இன்னும் வெறும் குழப்பம்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தை அப்படியே நிறுத்திவிடலாமா என்று இருந்தது. பொய் சொல்ல முயன்றேன். சண்டை போடத் தெரிந்த அளவுக்கு எனக்குப் பொய் சொல்ல வராது.

"சில செடி தாங்கும் மாமா. வெயில் காலத்துல…"

"இப்பதானே ஒரு மாசம் தாங்காதுன்னே."

"அது வந்து…"

"தொட்டி அதேதான்" என்றார். விரலை மடக்கினார். "மண்ணு அதேதான். தண்ணியும் அதே அரை டம்ளர்தான். குளிர்காலமும் ரெண்டு வந்து போச்சு." மடக்கிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவ ஊத்தல."

நான் குனிந்து தொட்டி மண்ணைக் கிளறினேன்.

"குடிச்சிருக்கா" என்றார்.

மணல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுதுகொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அரை டம்ளரால் அவளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை, எடை ஒரு நாளும் ஏறவில்லை, நர்ஸ் உங்களைப் பாராட்டியதே அந்த அரை டம்ளரையும் சேர்த்துத்தான் என்றேன். சத்தியத்தைக்கூட அவள் மீறவில்லை என்றேன்.

"நீங்க ஊத்திக் குடுக்கறதைத் தவிர தொட மாட்டேன்னு சொன்னா இல்ல மாமா? இதுவும் நீங்க உங்க கையால ஊத்திக் குடுத்ததுதானே?"

"தெரியாம குடுத்தேம்மா" என்றார். எழுந்து, பின்பக்கம் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் படியிறங்கிப் போனார். வால்வு திறக்கும் சாவியை என் வாசல் சுவரில் சாத்தியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் தாமதமாக வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த நாள் திரும்பி வந்தார். கையில் அந்தப் பாட்டில், நாலாக மடித்த ஒரு காகிதம். இரண்டையும் என் மேஜை மேல் வைத்தார். காகிதம் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. ஒரு நாளைக்கு, எல்லாம் சேர்த்து, எழுநூற்றைம்பது மில்லி என்று இருந்தது. அதன் பக்கத்தில் பாட்டிலைத் திருப்பி, சிவப்புக் கோடு எனக்குத் தெரியும்படி வைத்தார். பாட்டிலின் உடம்பிலேயே அச்சடித்த எண்கள் இருந்தன. கோடு அறுநூற்றைம்பதில் இருந்தது.

"அவர் முக்கால் லிட்டர்தாம்மா சொன்னார். நான்தான் கோட்டைக் கொஞ்சம் கீழ போட்டேன். கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டா பயமில்லைன்னு. கை பழக்கம்."

நான் டம்ளரை எடுத்துக் கணக்குப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நூறு மில்லி. அரை டம்ளர்.

"டாக்டர் சொல்றப்ப அவளும் பக்கத்துலதான் இருந்தா. அவளுக்குத் தெரியும். இது எனக்கு வர வேண்டியதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதுக்கெல்லாம் சண்டை போடுவா! இதுக்குப் போடல. நான் பயப்படறேன்னு போடல." சீட்டைப் பழையபடி நாலாக மடித்தார். "அவ ஏமாத்தலம்மா. அவ பங்கைத்தான் எடுத்துக்கிட்டா. அதையும் ஒரு செடி பேரைச் சொல்லி வாங்க வேண்டியதாப்போச்சு."

அவர் அவளைக் கொல்லவில்லை. அப்படி ஏதாவது இருந்தால்கூட வேறு மாதிரி அழுது தீர்த்திருக்கலாமோ என்னவோ. கொடுத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவள் மரக்கட்டை நாக்கோடு படுத்திருந்த அந்த மூன்று மாதமும், கொடுத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

குண்டனின் அடி முழுதும் போய்விட்டது. மேலே ஒரே ஒரு கிளையில் மட்டும் கத்தி வைத்தபோது வெள்ளையாகப் பால் வந்தது. அதை வெட்டி எடுத்தேன். அடினியத்தின் கிளையை வெட்டியவுடன் நடக்கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் போட வேண்டும், ஒரு வாரம் நிழலில் சும்மா கிடக்க வேண்டும். சும்மா கிடந்தது. பிறகு மணலில் ஊன்றினேன். இரண்டரை மாதம் கழித்து நுனியில் அரிசி அளவுக்கு ஒரு துளிர் தெரிந்தது.

இதற்கிடையில் மாமா வால்வை நேரம் முடிந்த பிறகுதான் மூட ஆரம்பித்தார். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு நிமிடம் தாண்டும். அதனால் அடுத்த தெருவுக்குத் தாமதமாகும். அலுவலகத்தில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். சரி என்றார், மறுநாளும் அப்படியே செய்தார். தெருவில் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்னமும் 'ரெண்டு நிமிஷம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

துளிர் நாலு இலையானதும் சிறிய தொட்டியில் மாற்றி அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பின்கட்டில் முக்காலி அதே இடத்தில் இருந்தது. அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். ஓர் இலையை விரல் நுனியால் தொட்டார். முகம் மலர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

"நீயே வெச்சுக்கோம்மா."

"ஏன் மாமா? அக்கா செடி."

"என் கைல குடுக்காதே."

"ஒன்னும் கஷ்டமில்ல மாமா. மாசத்துக்கு மூணு தடவை. தண்ணி வேணும்னா அடி லேசா சுருங்கும். பாத்தாலே தெரிஞ்சிடும்."

அவர் தொட்டியை இரண்டு கையாலும் எடுத்து, ஜாக்கிரதையாக, என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வாய்விட்டுக் கேட்டவளுக்கே நான் குடுக்கல" என்றார். "கேக்கறதை அவ நிறுத்துனப்ப, நல்லவேளை பழகிட்டான்னு சந்தோஷப்பட்டேன். இது சுருங்குனா மட்டும் எனக்கு எங்கம்மா தெரியப் போவுது?"

தொட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து, மொட்டைமாடியில் வெயில் விழும் இடத்தில் வைத்தேன்.